அக்கா எந்த டீம்?

அக்காவுக்கு போன் போட்டு, "எல்லாரும் நல்லா இருக்கோம்க்கா" என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. "சந்தோசம்ப்பா, வச்சிரவா?" என்று கேட்டு, நாம் பதில் சொல்வதற்குள் வைத்துவிடும். அதே போனில் லேசாக இருமி, "ரெண்டு நாளா காய்ச்சல்க்கா" என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை, கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் இருக்கா என்று அரை மணி நேரம் ஓடும். எங்கள் வேனில் வந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அக்காவிடம் ஆற அமரப் பேச ஆசை வந்தால் முதலில் ஒரு வியாதியை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வேன் என்றேன். கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியின் வேன் அது. பாட்டில் மூடி, ஊறுகாய் ஜாடி மூடி, தைல டப்பா மூடி என்று எல்லா மூடியும் செய்வோம். மூடுவதற்கான பாத்திரம் ஒன்றுகூடச் செய்ய மாட்டோம். நான் டெஸ்பாட்சில் இருந்தேன், லாரிகளில் சரக்கு ஏற்றி அனுப்புகிற வேலை. அக்கா பேக்கிங்கில் இருந்தது. காலையில் எங்களை அள்ளிக்கொண்டு வந்து, சாயங்காலம் திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம் என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கடைசியில் அவனியாபுரத்தில் போய் நிற்கும் அந்த வேன். ஷிப்ட் விட்டு, கை கால் கழுவி, வேன் கிளம்பவும் டிவியில் கபடி லீக் தொடங்கவும் சரியாக இருக்கும். வீட்டுக்குப் போவதற்குள் மேட்ச் முடிந்துவிடும். அதனால் அந்த சீசன் முழுக்க நாங்கள் கபடி பார்த்தது அக்காவின் போனில்தான்.

அக்காவின் மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். ஏதோ ரீசார்ஜோடு சேர்ந்து வந்த சந்தாவை வைத்து அம்மா போனில் கபடி பார்க்கிற ஆப்பை ஏற்றிக் கொடுத்திருந்தான். டிரைவர் சீட்டின் பின்பக்கத்தில், பேக்கிங்கில் பண்டல் கட்டுகிற ரப்பர் பேண்டுகளைப் போட்டு அக்கா போனை நிறுத்தும். இரண்டாவது வரிசை ஜன்னலோரம் அதன் இடம். மற்றவர்கள் பின்னாலிருந்து எக்கி எக்கிப் பார்ப்போம். டேட்டா தீர்ந்துபோனால் இன்னொருவர் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். பாலம் ஏறி இறங்குகிற இடத்தில் படம் அப்படியே நின்று வட்டம் சுற்றும். ரெய்டுக்குப் போனவன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்பான். வேனே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். வட்டம் சுற்றி முடித்துப் படம் வரும்போது அவன் அவுட் ஆகி ஓரமாகப் போய் உட்கார்ந்திருப்பான். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

வேன் ஓட்டுகிற பூமி அண்ணனுக்கு மேட்ச் பார்க்க வழியில்லை. அவருக்காக அக்காதான் சொல்லிக்கொண்டே வரும்.

"என்ன தங்கச்சி ஆச்சு?"

"நம்ம மஞ்சச் சட்டைக்காரய்ங்க அஞ்சு பாயிண்டு பின்னாடி நிக்கிறாய்ங்கண்ணே. பாக்கவே பாவமா இருக்கு."

திருநகர் தாண்டும். மறுபடி கேட்பார்.

"இப்ப என்ன?"

"நம்ம பயலுக எந்திரிக்கவே முடியலண்ணே. மொத்தமா ஆல் அவுட்டு."

"மஞ்சளா?"

"பச்சைண்ணே."

"ஏந்தங்கச்சி, மஞ்சளுதான் நம்ம ஆளுன்னு இப்பத்தான சொன்ன?"

"அது அப்ப. இப்பத்தான் மஞ்சளு ஜெயிக்குதுல்ல? அவிங்களுக்கு இனி நான் எதுக்கு?"

அதுதான் அக்கா. எந்த டீம் பின்தங்கி இருக்கிறதோ அது அக்காவின் டீம். ஸ்கோர் மாறினால் டீமும் மாறும். ஒரே மேட்சில் நாலைந்து தடவை கட்சி மாறுவது சாதாரணம். அதுவும் அரைமனசாக இல்லை. மஞ்சள் தோற்கும்போது மஞ்சளுக்காகச் சீட்டில் அடித்துக்கொள்ளும். மஞ்சள் முந்திய மறு நிமிஷம் பச்சைக்காக உதட்டைக் கடிக்கும். சொந்த ஊர் டீம், வேற்று ஊர் டீம் என்ற பேதமெல்லாம் கிடையாது.

இதில் அந்த ஆப்தான் ரொம்பச் சிரமப்பட்டது. ஆரம்பத்திலேயே உங்கள் விருப்ப அணி எது என்று கேட்டதாம். அக்கா மகனைப் பார்த்து, "யாரு கடைசியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறது. சீசன் இன்னும் தொடங்கவில்லை, யாரும் கடைசியில் இல்லை என்றிருக்கிறான். அப்படியானால் எதற்கு இப்போதே கேட்கிறது என்று அக்காவுக்குக் கோபம். கடைசியில் எல்லா அணிகளையும் தொட்டு வைத்துவிட்டது. அன்றிலிருந்து போன் ஓயாமல் கூவிக்கொண்டே இருந்தது. புள்ளிப் பட்டியலைத் திறந்தால், எல்லாரும் மேலிருந்து பார்ப்போம். அக்காவின் கட்டைவிரல் சரசரவென்று அடியில் போய் நின்று, அங்கிருந்து மேலே ஏறும். பாதிக்கு மேல் ஏறாது.

"யக்கா, நீங்க சப்போர்ட் பண்ற டீமு எல்லாம் தோக்குது. உங்க ராசி அப்படி" என்று பின் சீட்டிலிருந்து யாராவது கிண்டல் செய்தால், "நான் சப்போர்ட் பண்றதால தோக்கலடா. தோக்குறதாலதான் சப்போர்ட் பண்றேன்" என்று திரும்பிப் பார்க்காமலே பதில் வரும்.

ஸ்கோர் சமமாகிவிட்டால் மட்டும் அக்காவுக்கு ஓய்வு. சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தை எடுத்து எல்லாருக்கும் நீட்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர். அவர் எப்போதும் ஜெயிக்கிற பக்கம்தானாம். "அதனாலதான் எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே கெடயாது" என்று அக்கா சொல்லும். "ஒரே பக்கம் நின்னாத்தான நெருக்கடி."

கம்பெனியில் என்ன தகராறு என்றாலும் அக்காவிடம் போய்ச் சொன்னால், முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஸ்கோர் என்ன?" யார் சரி, யார் தப்பு என்பதெல்லாம் அப்புறம். ஒருமுறை கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டோம். அக்காவும்தான் போட்டது. மேனேஜர் வந்து எங்கள் முன்னாலேயே சமையல்காரரைக் கண்டபடி பேசிவிட்டுப் போனார். மறுநாள் சாம்பார் அதே தண்ணிதான். அக்கா மட்டும் தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்கண்ணே, நல்லா இருக்கு" என்றது. எங்களுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது கௌசல்யாவைச் சொல்ல வேண்டும். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற பெண். அவனியாபுரத்துக்காரி. வேனில் அக்காவுக்குப் பக்கத்து சீட் அவளுடையது. என் அறை பழங்காநத்தத்தில். நியாயமாக நான் அங்கே இறங்க வேண்டும். மேட்ச் முடியாமல் எப்படி இறங்குவது என்று சொல்லி, அவனியாபுரம் வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவேன். கபடி மேல் எனக்கு அவ்வளவு பிரியம் என்று வேனில் எல்லாரும் நம்பினார்கள். கௌசல்யா என்னை 'டெஸ்பாட்ச் அண்ணே' என்று கூப்பிடுவாள். அந்த அண்ணே ஒவ்வொரு தடவையும் காதில் விழும்போது எனக்கு உள்ளே ஒரு பாயிண்ட் குறையும்.

ஒரு நாள் அவள் ஒட்டின பெட்டிகளில் ஊதா மூடி என்று லேபிள் இருக்க, உள்ளே சிவப்பு மூடி இருந்து, லோடு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. பேக்கிங் சூப்பர்வைசர் ராஜாங்கம் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டித் தீர்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேனில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். அக்கா அன்றைக்குப் போனை ரப்பர் பேண்டில் மாட்டவே இல்லை.

"அழாம சொல்லு. கலரை மாத்துனது யாரு?"

"ராஜாங்கம் சார்தான்க்கா. ஷிப்ட் நடுவுல மெசின்ல கலரை மாத்திட்டாரு. எங்ககிட்டச் சொல்லவே இல்ல."

"இதை அவருகிட்டச் சொன்னியா?"

"பேசவே விடலக்கா."

மறுநாள் காலையில் அக்கா பேக்கிங் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் போய் நின்றது. சத்தமில்லை, கோஷமில்லை. "கலர் மாத்துனதை எங்க யாருக்கும் சொல்லல சார். இவளை அனுப்புறதுன்னா எங்க எல்லாரையுந்தான் அனுப்பணும்" என்று மட்டும் சொன்னது. மேனேஜர் மெசின் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார். உண்மை வெளியே வந்தது. ராஜாங்கம் எல்லார் முன்னாலும் கௌசல்யாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் பொறுப்பு போய், அவரை ஸ்டோரில் போட்டார்கள். கம்பெனி கொடுத்திருந்த பைக்கையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பைக் இல்லாததால் அன்று சாயங்காலம் அவர் எங்கள் வேனில் ஏறினார்.

படியில் ஒரு காலை வைத்து நின்று பார்த்தார். யாரும் நகரவில்லை. காலி சீட்டில் ஒருவன் அவசரமாகச் சாப்பாட்டுப் பையைத் தூக்கி வைத்தான். காலர் வியர்வையில் நனைந்து, டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடி அவர் நின்றது எனக்குமே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் நான் நகரவில்லை.

"வாங்க சார்" என்றது அக்கா. ஜன்னல் பக்கம் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டது. "இங்கிட்டு உக்காருங்க. மேட்ச் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

கௌசல்யா விருட்டென்று எழுந்தாள். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் வந்தாள். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அந்த விஷயத்தில் ராஜாங்கத்துக்கு நான் கடமைப்பட்டவன்.

"பாத்தீங்களா இந்த அநியாயத்த?" என்றாள் என்னிடம். "காலையில எனக்காக நின்னாக. சாயந்தரம் அந்தாளு கூட உக்காந்து கடலை திங்கிறாக."

அன்றைக்குத்தான் அவள் பேச்சில் அண்ணே விட்டுப்போனது. கோபத்தில் விட்டதா, தெரிந்தே விட்டதா என்று இன்றுவரை சொல்லவில்லை.

பல நாட்கள் அவள் அக்காவிடம் பேசவில்லை. ஒரு நாள் வேன் கிளம்புவதற்கு முன் நேராகவே போய்க் கேட்டுவிட்டாள்.

"நீங்க யாரு பக்கம்க்கா?"

"ஏன் புள்ள, உனக்கு வேலை திரும்பக் கெடச்சிருச்சுல்ல? உன்கூட இம்புட்டுப் பேரு இருக்காகள்ல?"

"யாரு இருக்கா? அவரையே எறக்கிட்டாளேன்னு எல்லாரும் எங்கிட்டப் பேசவே யோசிக்கிறாக. புது சூப்பர்வைசரு என்னையப் பாத்தாலே மொகத்தைத் திருப்பிக்கிறாரு. ஜெயிச்ச அன்னைலருந்துதான்க்கா எனக்கு ஆளே இல்ல. ஜெயிச்சவுகளுக்கு ஆளு வேணாமா?"

அக்கா போனைப் பார்த்தது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ராஜாங்கம் எங்களோடு வந்தது கொஞ்ச நாள்தான். பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டது. புது பைக்கும் வாங்கினார். ஒரு சாயங்காலம் வேனை முந்திக்கொண்டு போகையில் ஹாரன் அடித்து, அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கௌசல்யா பின்சீட்டில் களுக்கென்று சிரித்துவிட்டாள். எழுந்து போய் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தாளு ஜெயிச்சிட்டாரு போலக்கா."

"யாரு?" என்றது அக்கா. "கடலை வேணுமா?"

நானும் கௌசல்யாவும் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்து, அது இரண்டு வீட்டுக்கும் தெரிந்தபோது, முதலில் அக்காவிடம்தான் போனோம். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு வாழையும் மிளகாயும் விவசாயம். கௌசல்யாவின் அப்பா பெயின்டர். அவருடைய அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். "அவங்க நம்ம ஆளுக இல்ல" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கௌசல்யா வீட்டில் வேறு மாதிரி. "நமக்கெதுக்குத்தா இந்த வம்பு? நாளைக்கு ஒன்னுன்னா அவுக பக்கம் ஊரே வந்து நிக்கும். நம்ம பக்கம் யாரு நிப்பா?" என்று அவள் அப்பா பயந்தார்.

"ஸ்கோர் என்ன?" என்று கேட்டது அக்கா.

"ரெண்டு வீடும் எதிர்ப்புதான்க்கா. நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான்."

"அப்ப நான் உங்க பக்கம்" என்று எழுந்து சேலையை உதறிக்கொண்டது.

அப்படி ஒருவர் இன்னொருவருக்காக அலைந்து நான் பார்த்ததில்லை. முதலில் கௌசல்யா வீடு. அவள் அப்பாவிடம், "யாரு நிப்பான்னு கேட்டீகள்ல? நான் நிப்பேன்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் மினி லாரியிலேயே எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது. அப்பா முகம் கொடுக்கவில்லை. அக்கா அம்மாவிடம் அடுப்படியில் உட்கார்ந்து பேசியது. அடுத்த மாதம் அம்மா மனசு மாறினாள். பிறகு அண்ணன். பிறகு மாமா. ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வர வர, அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் ஊருக்குப் போனால் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். நான் பஸ் ஏறின பிறகுதான் வீடு திரும்புவார்.

"இந்தக்காவை நம்பாதீங்க" என்று கௌசல்யா அப்போதே எச்சரித்தாள். "நம்ம பக்கம் கூட்டம் சேந்துச்சுன்னா போயிரும். எனக்குத் தெரியும்."

கடைசியில் ஒரு நாள் அம்மா, "நீங்க வந்தாலும் வராட்டியும் நான் என் மகன் கல்யாணத்துக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டாள். அப்பா, "செய்ங்க. நான் குறுக்க நிக்கல" என்றாராம்.

சாயங்காலம் வேனில் ஏறியதும் சத்தமாகச் சொன்னேன். பூமி அண்ணன் ஹாரனை அடித்துத் தீர்த்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் அக்காவிடம் குனிந்து, "ஜெயிச்சிட்டோம்க்கா" என்றேன்.

அக்கா சிரிக்கத்தான் செய்தது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோய்விட்டது.

"அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டது.

கௌசல்யா என்னைப் பார்த்தாள். "சொன்னேன்ல. போயிருச்சு."

அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சில் அக்காவுக்கு ருசியே இல்லை. கௌசல்யா போனில் பட்டுச்சேலை படம் காட்டினால், "நல்லா இருக்கு" என்று அரைக்கண்ணால் பார்க்கும். என்னிடம் விசாரிப்பதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். ஊரில் அவரோடு யார் பேசுகிறார்கள், டீக்கடைக்குப் போகிறாரா, சாப்பாடு யார் போடுகிறார்கள். கௌசல்யாவுக்கு வருத்தம் கூடிக்கொண்டே போனது. தன் கல்யாணத்துக்கு அக்கா வராது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அக்கா வந்தது. அவனியாபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். சாயங்காலம் வரவேற்பு. அக்கா மேடை ஏறி, ஒரு குக்கரைக் கையில் கொடுத்து, போட்டோவுக்கு ஒரு நொடி நின்றுவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டது. கௌசல்யாவின் கண் கலங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அப்பாவும் வந்திருந்தார். அம்மா எப்படியோ கூட்டி வந்திருந்தாள். வெள்ளைச் சட்டையில், கடைசி வரிசையில், மின்விசிறிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கௌசல்யா வீட்டு ஆட்கள் அவர் பக்கம் போகத் தயங்கினார்கள். எங்கள் ஆட்களுக்கு அவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டதுபோல நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

"மாப்ள, இங்க பாருங்க" என்று போட்டோகிராபர் கத்திக்கொண்டே இருந்தான். நான் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அக்கா வந்து உட்கார்ந்தது. முன் நாற்காலி முதுகில் ரப்பர் பேண்டைப் போட்டு போனை மாட்டியது. அப்பா திரும்பவே இல்லை. நேராக மேடையைப் பார்த்தபடி இருந்தார். அக்காவும் அவரைப் பார்க்கவில்லை. பூமி அண்ணனுக்குச் சொல்வது போல, யாருக்கோ சொல்வதாக வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அடுத்த வரிசை ஆட்கள் வந்து மேடையில் மொய் கவர் கொடுத்து, படம் எடுத்து, இறங்கினார்கள். நான் மறுபடி பார்த்தபோது அப்பாவின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதற்கடுத்து பார்த்தபோது கண்ணாடியை எடுத்து மாட்டியிருந்தார்.

திடீரென்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல்.

"கோட்டைத் தொட்டுட்டான்யா அவன்! எங்கிட்டுப் பாக்குறான் அந்த ரெப்ரி?"

அப்பா எழுந்து நின்றிருந்தார். மாதக்கணக்கில் அவர் குரலை நான் கேட்கவில்லை. மேடையில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே வேறு ஒரு சண்டை ஆரம்பமானது.

"என்னம்மா நீ, இப்பத்தான நீலந்தான் நம்ம ஆளுன்ன?"

"அது அப்பண்ணே."

"ஒரு பக்கம் நில்லும்மா! மனுசன் எந்தப் பக்கம்னு பேசறது?"

இருவரும் ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் போய் உட்கார்ந்தார். அப்புறம் கௌசல்யாவின் அப்பாவை யாரோ இழுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார வைத்தார்கள். பாயசத்தின் போது மேட்ச் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா கிளம்புவதற்குச் சொல்லிக்கொள்ள வந்தபோது கௌசல்யா விடவில்லை.

"என் கல்யாணத்துல எங்கூட நிக்காம அங்க போயி உக்காந்துட்டீகள்ல?"

"உன் பக்கந்தான் மண்டபமே நிக்குதே புள்ள. அங்கிட்டுத்தான் ஆளு இல்ல."

"ஜெயிச்சவுகளுக்கும் ஆளு வேணும்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கேன்க்கா."

அக்காவுக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மேடை ஏறியது. கௌசல்யாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இன்னொரு போட்டோ எடு. நல்லா எடு" என்றது. அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. கௌசல்யா அழுதுகொண்டே சிரிக்கிறாள். அக்கா விறைப்பாக, பழக்கமில்லாத இடத்தில் நிற்கிறவர் போல நிற்கிறது.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் ஊருக்குப் போனோம். அம்மா கோழி அடித்திருந்தாள். அப்பா தோட்டத்துக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். இருந்தாரே தவிர எங்களோடு ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டு முடித்து, நான் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கௌசல்யா அம்மாவோடு கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே போய், அண்ணன் எப்போதோ வாங்கிக் கொடுத்து, பெட்டியை விட்டு வெளியே வராமலே கிடந்த பெரிய போனை எடுத்து வந்தார். என்னைத் தாண்டிப் போய் கௌசல்யாவிடம் நீட்டினார்.

"இந்தா தாயி. அந்தம்மா போன்ல கபடி ஓடுச்சே, அது இதுல வருமா?"

கௌசல்யா பூண்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "வரும் மாமா. ஆப்பை ஏத்தணும்."

"ஏத்து."

என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டேன். அவள் என் அப்பாவிடம் நம்பரைக் கேட்டு அடித்தாள். "உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் மாமா. அதைச் சொன்னீங்கன்னாப் போதும்."

அப்பாவின் சட்டைப் பையில் கிடந்த பட்டன் போன் கூவியது. எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுல்ல தெனமும் சொல்றாய்ங்க" என்றார்.

கௌசல்யாவின் விரல் அப்படியே நின்றது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அப்ப வேணாம் மாமா" என்று மெல்லச் சொல்லி, போனைக் கீழே வைக்கப் போனாள்.

"வெளியாளுககிட்டத்தான் சொல்லக்கூடாது" என்றார் அப்பா. "நீ அடிச்சுக்க தாயி."

அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தார்.